பாராலிம்பிக் களத்திலிருந்து பிரபுக்கள் சபைக்கு: டேனி கிரே-தாம்சன் பற்றி ஓர் ஐயம்

கேள்வி: வெண்கோடு

அனைவருக்கும் வணக்கம். விளையாட்டில் புகழ்பெற்ற மாற்றுத்திறனாளிகள் ஓய்வுக்குப் பின் பொதுவாழ்வில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதும் பொருட்டு, பிரிட்டனின் டேனி கிரே-தாம்சனுடைய வாழ்க்கையைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வளர்ந்துகொண்டே போகிறது. அதை இங்கே வைக்கிறேன்.

அவரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1969இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், கருவிலேயே முதுகெலும்பு சரியாக மூடாமல் போகும் ‘ஸ்பைனா பிஃபிடா’ நிலையோடு பிறந்த அவர், ஏழு வயதிலிருந்து சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார். 1988 சியோல் முதல் 2004 ஏதென்ஸ் வரை ஐந்து பாராலிம்பிக் போட்டிகளில் சக்கர நாற்காலிப் பந்தயங்களில் 11 தங்கம் உட்பட 16 பதக்கங்கள் வென்றிருக்கிறார். லண்டன் மாரத்தானின் சக்கர நாற்காலிப் பிரிவில் ஆறு முறை முதலிடம் பிடித்திருக்கிறார். 2007இல் ஓய்வு பெற்ற அவர், 2010இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் ஆயுட்கால உறுப்பினராக்கப்பட்டு, எந்தக் கட்சியையும் சேராத உறுப்பினராகப் பணியாற்றி வருகிறார்.

என் ஐயத்துக்கு இரண்டு காட்சிகள் காரணம். முதலாவது 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்தது. சிட்னியில் நான்கு தங்கம் வென்று திரும்பிய அவருக்கு, பி.பி.சி.யின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு ஆளுமை விருது நிகழ்ச்சியில் மூன்றாம் இடம் அறிவிக்கப்படுகிறது. மேடைக்குப் படிகள் இருக்கின்றன, சாய்தளம் இல்லை. மற்றவர்கள் மேடையில் நிற்க, அவர் கீழே பார்வையாளர்களுக்கு நடுவிலேயே பரிசை வாங்கிக்கொள்கிறார். பார்த்தவர்களிடமிருந்து கண்டனம் குவிந்தது, பி.பி.சி. மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது காட்சி 2024 ஆகஸ்ட் மாத இறுதியில் நடந்தது. பாரிஸ் பாராலிம்பிக் போட்டிகளுக்குப் புறப்படும் வழியில், லீட்ஸிலிருந்து ஏறிய இரவு ரயில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தை அடைந்த பின்னரும் அவரை இறக்கிவிட எவரும் வரவில்லை. ஏறக்குறைய இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு, தம் பொருள்களை நடைமேடையில் எறிந்துவிட்டு, தரையில் தவழ்ந்து இறங்கியிருக்கிறார்.

இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அவற்றில் பதினான்கு ஆண்டுகள் சட்டம் இயற்றும் சபையிலேயே அவர் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் பதக்கம் வென்ற ஒருவரை நாடாளுமன்றத்தில் அமர்த்துவதால் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைப்பதுதான் என்ன? அது சபைக்கு அணிவிக்கப்படும் ஓர் ஆபரணம் மட்டும்தானா? அவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. கட்டுரையில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் புகழுரை எழுத மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

பதில்: தென்திசை

நல்ல கேள்வி. ஆனால் அதன் அடியில் இருக்கும் ஓர் ஊகத்தை முதலில் சரிசெய்ய விரும்புகிறேன். பதக்கம் வாங்கினார், அதனால் சபைக்கு அழைக்கப்பட்டார் என்று கதையைச் சுருக்குவது வழக்கமாகிவிட்டது. அவர் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் அரசியலும் சமூக நிர்வாகமும் படித்து 1991இல் பட்டம் பெற்றவர். நான்கு தங்கம் வென்று நாடறிந்தவரானது அதற்கு அடுத்த ஆண்டு, பார்சிலோனாவில். பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1995இல் வந்தபோது, அதன்படி அமைக்கப்பட்ட தேசிய ஆலோசனைக் குழுவில் 1990களின் பிற்பகுதியில் உறுப்பினராக இருந்தார். லண்டன் போக்குவரத்து அமைப்பின் இயக்குநர் குழுவிலும் பணியாற்றினார். ஆகவே 2010இல் சபைக்குள் நுழைந்தபோது கோப்புகளும் குழுக்கூட்டங்களும் அவருக்குப் புதியவையாக இருந்திருக்க முடியாது.

நியமன முறையையும் கவனியுங்கள். நம் மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 உறுப்பினர்களைப் போன்றது என்று எண்ணிவிடத் தோன்றும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பிரபுக்கள் சபையில் கட்சி சாராத உறுப்பினர்களைத் தேர்ந்து பரிந்துரைக்க 2000ஆம் ஆண்டு முதல் தனி ஆணையம் ஒன்று இருக்கிறது. சபைப் பணிக்கு நேரம் ஒதுக்குவீர்களா, எந்தத் துறையில் பேசுவீர்கள் என்றெல்லாம் அது விசாரிக்கும். அப்படி வருபவர்களுக்குக் கட்சிக் கொறடா கிடையாது, தொகுதியும் கிடையாது. அடுத்த தேர்தலைப் பற்றிய அச்சமும் இல்லை, அடுத்த தேர்தலில் கிடைக்கும் செல்வாக்கும் இல்லை.

இனி, அங்கே என்ன செய்தார் என்ற கேள்விக்கு வருகிறேன். செய்தித்தாள்கள் இதை எழுதுவதில்லை, ஏனென்றால் இதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஒரு மசோதா குழுநிலைக்கு வரும்போது பிரிவு பிரிவாக, சொல் சொல்லாக எடுத்துக்கொள்ளப்படும். ‘உள்ளாட்சி அமைப்பு ஏற்பாடு செய்யலாம்’ என்றிருப்பதை ‘ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்று மாற்றக் கோரும் திருத்தம்தான் அங்கே அடிக்கடி வருவது. அந்த ‘லாம்’ இருக்கும்வரை சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கிடைப்பது சலுகை, ‘வேண்டும்’ வந்துவிட்டால் அது வழக்குத் தொடுக்கத்தக்க உரிமை. இன்னொரு வகைத் திருத்தமும் உண்டு. வாக்கெடுப்பில் வெல்லும் எண்ணமே இல்லாமல், இந்தச் சொல்லுக்கு அரசு என்ன பொருள் கொள்கிறது என்று அமைச்சரை எழுந்து சொல்லவைப்பதற்காகவே அது கொண்டுவரப்படும். 1992இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, சட்டத்தின் வாசகம் தெளிவற்றிருந்தால் அமைச்சர் சபையில் சொன்ன விளக்கத்தை நீதிமன்றம் எடுத்துப் பார்க்கலாம் என்பதால், அந்தப் பதிலுக்குப் பிற்காலத்தில் மதிப்பு உண்டு. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், பாதி காலியான சபையில், இப்படி ஒரு பதிலை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவது எவ்வளவு சலிப்பான வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். பிரபலங்கள் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

அவர் எதிர்கொண்ட முதல் பெரிய சோதனை 2011-12இல் வந்த நலத்திட்டச் சீர்திருத்த மசோதா. வேலைபார்க்கும் வயதினருக்கான மாற்றுத்திறன் வாழ்க்கைப்படியை நீக்கிவிட்டு, ‘தனிநபர் சுதந்திரப்படி’ என்ற புதிய உதவித்தொகையைக் கொண்டுவருவது அதன் முக்கியமான பகுதிகளில் ஒன்று. நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன் சோதனை முறையில் நடத்திப் பாருங்கள் என்று அவர் கொண்டுவந்த திருத்தம் சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றது. அதே மசோதாவில் பிரபுக்கள் சபை வென்ற வேறு பல திருத்தங்களைக் கீழவை 2012 பிப்ரவரியில் ‘நிதி தொடர்பான தனியுரிமை’ என்ற மரபைக் காட்டி நிராகரித்தது. பணம் சம்பந்தப்பட்டதில் மேலவை தலையிடக் கூடாது என்பது அந்த மரபு. பிறகு விதிகள் வந்தன. நடக்க இயலாமைக்கான உயர்நிலை உதவிக்கு நடைமுறையில் 50 மீட்டர் என்று கொள்ளப்பட்டு வந்த அளவு 20 மீட்டராகச் சுருங்கியது. அதாவது, முப்பது மீட்டர் தட்டுத்தடுமாறி நடக்கக்கூடியவர் பழைய கணக்கில் உதவிக்கு உரியவர், புதிய கணக்கில் அவ்வளவு தூரம் நடக்க ‘இயலுபவர்’. அந்த உயர்நிலை உதவித்தொகையை ஈடாகக் கொடுத்துத்தான் பலர் வாகனத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். தகுதி போனதும் வாகனமும் போயிற்று.

ஆகவே ஆபரணம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அதிகாரம் குறைந்த சபையில், தோற்கும் என்று தெரிந்த திருத்தங்களையும் விடாமல் கொண்டுவருபவர் என்று சொல்வேன். அது போதுமா என்பது வேறு கேள்வி.

பதில்: நான்கு சக்கரம்

தென்திசை அவர்கள் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நானும் சக்கர நாற்காலியில் இருப்பவன் என்பதால், இன்னொரு பக்கத்திலிருந்து இதைப் பார்க்கிறேன்.

கிங்ஸ் கிராஸ் நிகழ்ச்சி ஏன் செய்தியானது? அவரால் தவழ முடிந்ததால். ஐந்து பாராலிம்பிக்குகளில் பந்தய நாற்காலியின் கைவளையத்தை அறைந்து தள்ளிய தோள்கள் அவருக்கு இருக்கின்றன. பெட்டியின் வாசலில் உட்கார்ந்து, கைகளில் உடலைத் தாங்கிக் கீழே இறங்க அவரால் இயலும். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் அந்த இரவில் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால், விளக்குகள் அணைக்கப்பட்ட பிறகும் யாராவது வரும்வரை அங்கேயேதான் இருந்திருப்பார், நமக்கும் ஒன்றும் தெரிய வந்திருக்காது. இதை அவரே அப்போது ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார் என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். தம்மால் முடிந்தது, பலரால் முடியாது என்பதுதான் அவருடைய முறையீடு. ஆனால் பார்வையாளர் மனத்தில் பதிவது ‘அந்த வீராங்கனை எப்படியோ சமாளித்துவிட்டார்’ என்பதுதான். விளையாட்டு வீரரை எங்கள் முகமாக வைப்பதில் எனக்கிருக்கும் தயக்கம் இதுவே.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் அடிக்கடி செல்லும் ஒரு நிலையத்தில் சாய்தளப் பலகை இருக்கிறது. அது ஓர் அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சாவி ஒருவரிடம் இருக்கிறது. அவர் உணவுக்குச் சென்றிருந்த ஒரு நாள், நல்ல மனம் கொண்ட நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி ரயிலில் ஏற்றினார்கள். ஒருவர் பிடித்தது கழற்றி மாட்டும் கால்தாங்கியை. அது கையோடு வந்துவிட்டது. நான் விழாமல் தப்பினேன், அவர்கள் என்னிடம் மன்னிப்பும் கேட்டார்கள். நானோ அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆவணத்தில் அந்த நிலையம் ‘சாய்தள வசதி உள்ளது’ என்ற பட்டியலில்தான் இருக்கும்.

2012 லண்டன் பாராலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வீரர்களை ‘மீமனிதர்கள்’ என்று விளம்பரப்படுத்தியது, அரங்குகள் நிரம்பி வழிந்தன, நாடே கைதட்டியது. உதவித்தொகை வெட்டுக்கான சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டுதான். மீமனிதர்களுக்கு எதற்கு உதவித்தொகை என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் 100 மீட்டரைச் சக்கர நாற்காலியில் பறந்து கடப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் படுக்கையை விட்டு எழ உதவியாளருக்காகக் காத்திருப்பவரைச் சோம்பேறி என்று எண்ணுவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. கிரே-தாம்சன் அந்த ஆண்டில் அரங்கிலும் இருந்தார், சபையில் வெட்டை எதிர்த்தும் பேசினார். இரண்டையும் ஒரே ஆள் செய்ததால்தான் அவர் பேச்சைத் தள்ளிவிட முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் தயக்கம் முழுமையாகத் தீரவில்லை, அவ்வளவே.

பேச்சோடு பேச்சாக ஒன்று. நாம் ‘மாற்றுத்திறனாளி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இழிவான பழைய சொற்களை அது விரட்டியது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அச்சொல் எங்களிடம் ஒரு திறனை எதிர்பார்க்கிறது. பிரிட்டனின் இயக்கத்தினர் 1970களிலிருந்து வேறு விதமாகச் சொல்லி வருகிறார்கள். உடலில் இருப்பது ஒரு குறை, அதன்மேல் படிக்கட்டையும் பூட்டிய அறையையும் வைத்து எங்களை முடக்குவது சமூகம், ஆகவே நாங்கள் ‘முடக்கப்பட்டவர்கள்’ என்பது அவர்கள் வாதம். கட்டுரையில் அவரைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். அவர் பேசுவது அந்த இரண்டாவது மொழியை.

பதில்: ஓட்டக்களம்

அரசியல் அறியேன், விளையாட்டுப் பக்கம் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அவரது பொதுப்பணி மாற்றுத்திறனாளிகளோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது சான்று. பிரிட்டிஷ் விளையாட்டுத்துறையில் வீரர்களின் நலன் எப்படிப் பேணப்படுகிறது என்று ஆராயும் பொறுப்பை அரசு அவரிடம் ஒப்படைத்து, 2017 ஏப்ரலில் அந்த அறிக்கை வெளிவந்தது. பதக்க எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் ஒதுக்கும் முறை, பயிற்சியாளர் சொல்வதே வேதம் என்ற சூழலை வளர்த்துவிடுகிறது என்ற கவலை அப்போது பல விளையாட்டுகளில் எழுந்திருந்தது. விளையாட்டுக்கென்று, புகார்களை விசாரிக்கும் தனி முறைமன்ற நடுவர் வேண்டும், ஒவ்வொரு விளையாட்டு அமைப்பின் நிர்வாகக் குழுவிலும் வீரர் நலனுக்குப் பெயர் குறிப்பிட்டு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றெல்லாம் அவர் பரிந்துரைத்தார்.

16, 17 வயது வீரர்களோடு பயிற்சியாளர் பாலுறவு கொள்வதைக் குற்றமாக்க வேண்டும் என்பதும் அவர் குரல் கொடுத்த செய்திகளில் ஒன்று. ஆசிரியர்களுக்கு அந்தத் தடை முன்பே இருந்தது, பயிற்சியாளர்களுக்கு இல்லை. 2022இல் வந்த சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. அவர் ஒருவரால் நடந்ததன்று, பல ஆண்டுகள் பலர் கேட்டது. தனி நடுவர் பரிந்துரை மட்டும் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

மறுமொழி: வெண்கோடு

மூவருக்கும் நன்றி. ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்தே கட்டுரையைத் தொடங்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பூட்டிய அறையைப் பற்றி நான்கு சக்கரம் அவர்கள் எழுதியதைப் படித்தபின், நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் தவறோ என்றும் நினைக்கிறேன். சட்டம் இயற்றுபவரிடம் சாவியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. கட்சி சாராமல் இருப்பதால் அவர் இழந்தது அதிகமா, பெற்றது அதிகமா? ஒரு கட்சியில் சேர்ந்து அமைச்சராகியிருந்தால் கூடுதலாகச் சாதித்திருக்க மாட்டாரா? அடுத்து, உயிர்துறக்க மருத்துவர் உதவ வழிசெய்யும் சட்டம் வருவதை அவர் கடுமையாக எதிர்க்கிறார். மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்களா?

பதில்: தென்திசை

முதல் ஐயத்துக்கு விடை தேட பிரபுக்கள் சபையிலேயே இன்னொருவர் இருக்கிறார். நீச்சல் வீரர் கிறிஸ் ஹோம்ஸ், பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர், பாராலிம்பிக்கில் ஒன்பது தங்கம் வென்றவர். 2013இல் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினராகச் சபைக்கு வந்தார். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலிருக்கும் விளிம்பை எடுத்துவிட்டு எல்லோரும் ஒரே தளத்தில் போகட்டும் என்று வடிவமைக்கப்பட்ட தெருக்கள், கைத்தடியோடும் வழிகாட்டி நாயோடும் வருபவருக்கு எப்படிப் பொறியாகின்றன என்பதை 2015இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டார். விளிம்புதானே பார்வையற்றவர் கைத்தடிக்குத் தெரியும் எல்லைக்கோடு! ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு, அரசின் வழிகாட்டுதலோடு போடப்பட்ட தெருக்களை அவர் குறை சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ஆகவே கட்சியில் இருப்பது வாயைக் கட்டிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

அமைச்சராவதைப் பற்றிச் சிந்திக்கக் கனடாவின் கார்லா குவால்ட்ரோவை எடுத்துக்கொள்ளலாம். பார்வைக் குறைபாடுள்ள நீச்சல் வீராங்கனை. 1988, 1992 பாராலிம்பிக்குகளில் மூன்று வெண்கலம் பெற்றவர். பிறகு வழக்கறிஞர். 2015 தேர்தலில் வென்றதும் விளையாட்டுத் துறைக்கும் மாற்றுத்திறனாளிகள் துறைக்கும் அமைச்சரானார். அவர் நாடு முழுவதும் நடத்திய கலந்தாய்வின் விளைவாக உருவான அணுகல் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. 2040க்குள் கூட்டாட்சி அரசின் அதிகார வரம்புக்குள் தடைகளே இருக்கக் கூடாது என்பது அதன் இலக்கு. 2023இல் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைச் சட்டத்தையும் அவரே முன்னின்று நிறைவேற்றினார். சட்டத்தில் தொகை குறிப்பிடப்படவில்லை. பிறகு நிதிநிலை அறிக்கையில் அது அதிக அளவாக மாதம் 200 டாலர் என்று வந்தபோது, பல ஆண்டுகள் அதற்காகக் காத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அமைச்சரால் சட்டத்தைக் கொண்டுவர முடிந்தது. பணப்பெட்டியின் சாவி நிதியமைச்சகத்திடம் இருந்தது. (மீண்டும் சாவி!) கிரே-தாம்சனிடம் அந்த அதிகாரமும் இல்லை, அந்தச் சங்கடமும் இல்லை. எந்த அரசு வந்தாலும் தவறென்று பட்டதைத் தவறென்று சொல்ல முடிந்திருக்கிறது. எது மேல் என்று என்னைக் கேட்டால், இரண்டு இடங்களிலும் ஆள் வேண்டும் என்பேன். ஒருவரே இரண்டாகவும் இருக்க முடியாது.

இரண்டாவது ஐயம் நுட்பமானது. 2014, 2021 ஆண்டுகளில் வந்த மசோதாக்களையும் அவர் எதிர்த்தார். 2025 ஜூன் 20 அன்று கீழவையில் 314க்கு 291 என்ற வாக்கு எண்ணிக்கையில் நிறைவேறி மேலவைக்கு வந்த மசோதாவையும் எதிர்த்தார். உங்கள் நிலை எனக்கு வந்தால் உயிரை விட்டுவிடுவேன் என்று முன்பின் அறியாதவர்கள் தம் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பதை அவர் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார். அப்படி எண்ணும் ஒரு சமூகத்தில், தேவையான பராமரிப்பும் வலிநீக்க மருத்துவமும் எல்லோருக்கும் கிடைக்காத நிலையில், ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதே அவர் வாதம். வலுவான வாதம். ஆனால் அது எல்லா மாற்றுத்திறனாளிகளின் குரலும் அன்று. மரணம் நெருங்கிய நிலையில் முடிவெடுக்கும் உரிமை தமக்கு வேண்டும் என்று கேட்கும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள், எங்களுக்காக நீங்கள் பேசாதீர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். கட்டுரையில் ‘மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதி’ என்று எழுதாமல், ‘மாற்றுத்திறனாளியான உறுப்பினர்’ என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும். அவரை யாரும் எங்கள் சார்பில் என்று வாக்களித்து அனுப்பவில்லையே.

பதில்: நான்கு சக்கரம்

கடைசியாக அந்த ரயிலுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் வெண்கோடு அவர்களின் முதல் கேள்விக்கு அதில்தான் விடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பிரிட்டனில் பயணிகள் ரயில் பெட்டிகள் 2020 சனவரி 1க்குள் அணுகல் தரத்தை எட்ட வேண்டும் என்று சட்டம் காலக்கெடு வைத்தது. சக்கர நாற்காலிக்கு இடம், அகலமான கதவு, கழிப்பறை, நிறம் வேறுபட்ட கைப்பிடி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் பெட்டியின் தரைக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள உயரமும் இடைவெளியும் பெரும்பாலான நிலையங்களில் அப்படியே இருக்கின்றன. அதைக் கடக்க ஒரு பலகை வேண்டும், பலகையை வைக்க ஓர் ஊழியர் வேண்டும், அந்த ஊழியருக்கு இந்த ரயிலில் இந்தப் பெட்டியில் ஒருவர் வருகிறார் என்ற செய்தி போய்ச் சேர வேண்டும். அன்று கிரே-தாம்சன் உதவிக்குப் பதிவு செய்திருந்தது முந்தைய ரயிலுக்கு. அடுத்த ரயிலில் ஏற உதவி கிடைத்தது, இறங்குமிடத்தில் ஆளில்லை. மற்ற பயணிகள் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்கிறார்கள், எங்களுக்கு மட்டும் அது சங்கிலி அறுந்ததாகிவிடுகிறது. அவர் சொன்னதும் அதைத்தான், எந்த ரயிலில் ஏறினாலும் இறக்கிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த நிறுவனம் மன்னிப்பும் கேட்டது.

சட்டம் மீறப்பட்டால் என்ன செய்யலாம்? 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்தான் சொந்தச் செலவில் நீதிமன்றம் போக வேண்டும். பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடத்தைக் குழந்தை வண்டி பிடித்துக்கொண்டால் ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, அதற்கு மேலும் முயல வேண்டும் என்ற ஒரே ஒரு கருத்தை உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைநாட்ட ஒருவருக்கு 2012 தொடங்கி 2017 வரை ஆனது. கீழவையின் போக்குவரத்துக் குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையும், உரிமையைக் காக்கும் சுமை தனிமனிதர் தலையிலேயே விழுகிறது என்பதைத்தான் முக்கியக் குறையாகக் காட்டியது.

ஆகவே 2000க்கும் 2024க்கும் இடையில் எதுவும் மாறவில்லை என்று எழுதாதீர்கள். 2000இல் சாய்தளம் போடவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. 2024இல் நினைப்பு இருந்தது, விதி இருந்தது, பலகை இருந்தது, முன்பதிவுக்கு முறையும் இருந்தது. வரவேண்டிய ஆள் வரவில்லை. முதலாவது அறியாமை, இரண்டாவது ஆள் பற்றாக்குறையும் அலட்சியமும். ஒன்றுக்குப் போராடிய முறை மற்றொன்றுக்குப் பயன்படாது. மெர்சிசைடிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஓடும் புதிய ரயில்களைப் பாருங்கள். நடைமேடையின் உயரத்துக்கே பெட்டியின் தரையைத் தாழ்த்தி, கதவு திறக்கும்போது வாசலுக்கு அடியிலிருந்து ஒரு தட்டு நீண்டு வந்து இடைவெளியை மூடும்படி செய்திருக்கிறார்கள். பொருத்தமான நடைமேடை இருக்குமிடத்தில் அந்த ரயிலில் ஏறுபவர் யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை வண்டியோடும் பெட்டியோடும் வருபவர்களும் அதே தட்டின்மேல்தான் ஏறுகிறார்கள்.

சிறு திருத்தத்துக்குரிய இடம் ஒன்று. விருது நிகழ்ச்சியைப் பற்றிச் சில இடங்களில் அவர் முதலிடம் பெற்றதாக எழுதிவிடுகிறார்கள். நீங்கள் எழுதியபடி மூன்றாமிடம்தான் சரி, அந்த ஆண்டு முதலிடம் படகு வலிக்கும் வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு. கட்டுரை முடிந்ததும் இங்கே இடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.